பில் இல்லாத பருத்தி விதையும் மூன்று மருந்து கலந்த டேங்கும்: வேப்பூர் வாசகருக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

கடலூர் மாவட்டம் வேப்பூர் பக்கத்திலிருந்து ஒரு தம்பி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் எடுத்துவிட்டேன். சுருக்கம் இதுதான்.

சென்னை வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, அப்பாவோடு சேர்ந்து மூன்று காணியில் மானாவாரிப் பருத்தி வைக்கிறார். கிணற்றடியில் கொஞ்சம் கத்தரியும் உண்டு. போன பட்டத்தில் முறையாகப் பில் போட்டு வாங்கிய பி.டி. பருத்திதான் (காய்ப்புழுவைத் தாங்குவதற்காக மரபணு மாற்றிய பருத்தி), ஆனாலும் காய்க்குள் இளஞ்சிவப்புப் புழு விழுந்து, விருத்தாசலம் கமிட்டிக்கு (ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு) கொண்டுபோன பருத்தி கறை என்று சொல்லி அடிமாட்டு விலைக்குப் போனது. புழுவுக்காக உரக்கடைக்காரர் துண்டுச்சீட்டில் எழுதிக்கொடுத்த மூன்று மருந்தை ஒரே டேங்கில் கலந்து அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கூலிக்கு மருந்தடிக்க வந்தவர் வாந்தி எடுத்து வரப்பிலேயே விழுந்து, அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுப் பிழைத்தார். இப்போது ஒரு ஏஜென்ட் வந்து, களைக்கொல்லி அடித்தாலும் சாகாத பருத்தி, பூச்சியே வராத கத்தரி என்று இரண்டு வகை விதை தருகிறேன், பில் மட்டும் கேட்காதே என்கிறார். வாங்கலாமா, வாங்கினால் போலீஸ் வருமா, போன வருட நஷ்டத்துக்கு விதைக் கம்பெனி மேல் வழக்குப் போடலாமா, கூலிக்காரர் நம் மேல் வழக்குப் போடுவாரா என்பதுதான் அவர் கேட்பது. பி.டி. இலையைத் தின்றால் ஆடு செத்துவிடும் என்று பக்கத்துக் கொல்லைக்காரர் சொல்கிறாராம், அது உண்மையா என்று கடைசியில் ஒரு வரி.

தம்பி, ஏஜென்ட் வெள்ளிக்கிழமைக்குள் பணம் கேட்கிறார் என்று எழுதியிருப்பதால் அதை முதலில் முடித்துவிடுவோம். வாங்காதீர்கள்.

மரபணு மாற்றிய விதை என்றாலே விஷம் என்று நினைத்து நான் இதைச் சொல்லவில்லை. நம் நாட்டில் பி.டி. பருத்திக்கு 2002-லேயே அனுமதி கொடுத்தாகிவிட்டது. நீங்கள் போன வருடம் விதைத்ததும் அதுதான், உங்கள் ஊரில் பருத்தி போடுகிற முக்கால்வாசிப் பேர் விதைப்பதும் அதுதான். ஆனால் களைக்கொல்லி தாங்கும் பருத்திக்கு அந்த அனுமதி கிடையாது. 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989-இல் போட்ட விதிகள் இருக்கின்றன. அதன்படி மத்திய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு அனுமதிக்காத எந்த விதையையும் விற்கவோ விதைக்கவோ கூடாது. ஆக ஏஜென்ட் கொண்டுவருவது, நல்ல விதையோ கெட்ட விதையோ, அனுமதி இல்லாத விதை.

பில் இல்லாதது யாருக்கு வசதி

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது: "பில் இல்லையென்றால் நான் வாங்கியதற்கும் அத்தாட்சி இல்லை, எனக்கும் பாதுகாப்புதானே சார்?" இல்லை தம்பி, கணக்கு நேர்மாறாக இருக்கிறது. விற்றதற்கு அத்தாட்சி இல்லாமல் போகிறது, அவ்வளவுதான். விதைத்ததற்கு அத்தாட்சி உங்கள் கொல்லையில் ஐந்தடி உயரத்துக்கு வளர்ந்து நிற்கும். இலையைக் கிள்ளிச் சாறெடுத்து ஒரு பட்டையை முக்கினால், களைக்கொல்லி தாங்கும் புரதம் இருக்கிறதா இல்லையா என்று வயலிலேயே தெரிந்துவிடும். அதற்கான சோதனைப் பட்டைகள் வந்து பல காலமாகிறது.

சின்ன விவசாயி மேல் கை வைக்கமாட்டார்கள் என்று நினைக்கிறீர்கள். பெரும்பாலும் விற்பவரைத்தான் தேடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் 2019-இல் மகாராஷ்டிராவின் அகோலா மாவட்டத்தில் இதே பருத்தியைப் பகிரங்கமாக விதைத்துப் போராட்டம் நடத்தினார்கள், விதைத்த விவசாயிகள் மேலேயே வழக்குப் பதிவானது. அதே வருடம் ஹரியானாவின் ஃபதேஹாபாத்தில் ஒரு விவசாயியின் கொல்லையில் அனுமதியில்லாத பி.டி. கத்தரி நிற்பதாகப் புகார் போய், சோதனையில் அது உறுதியாகிப் பயிரையே அழித்தார்கள். உங்கள் ஏஜென்ட் பூச்சியே வராத கத்தரி என்று சொல்வதும் அநேகமாக இதே வகைதான், அவர் சொல்வது உண்மையாக இருந்தால்! முன்பு சுற்றுச்சூழல் சட்டத்தில் ஐந்து வருடம் வரை சிறை என்று இருந்தது. 2023-இல் திருத்தம் கொண்டுவந்து அதைப் பணத் தண்டனையாக மாற்றினார்கள்; 10,000 ரூபாயில் தொடங்கி 15 லட்சம் வரை போகலாம். ஜெயில் போய்விட்டதே என்று மூச்சு விடுவதற்கு முன்னால் மூன்று காணிக்கு எவ்வளவு வருமானம் வருகிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

போலீஸ் வராமலே போகலாம் என்று வைத்துக்கொண்டாலும் இன்னொன்று இருக்கிறது. அந்தப் பாக்கெட்டில் எத்தனை விதை உண்மையிலேயே களைக்கொல்லி தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. ஏஜென்டை நம்பிக் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடித்து, பாதிச் செடி களையோடு சேர்ந்து கருகினால் யாரிடம் போவீர்கள்? காற்று வாக்கில் பக்கத்துக் கொல்லை உளுந்தில் பட்டு அதுவும் காய்ந்தால், அவர் உங்களிடம்தான் வருவார், வருவது நியாயமும்கூட. போதாததற்கு, கிளைபோசேட்டை யார் அடிக்கலாம் என்பதற்கே மத்திய அரசு 2022 அக்டோபரில் கட்டுப்பாடு போட்டு, உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்கள் மூலம்தான் என்று அறிவித்துவிட்டது. களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாகவில்லை என்கிறீர்கள். அந்தக் கஷ்டம் நிஜம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பாக்கெட்டில் ஒரு சங்கடம் வந்தால் முழுப் பாரமும் உங்கள் தலையில் மட்டும்தான் விழும்.

உரிமம் உள்ள கடையில் வாங்கினால் நிலைமை வேறு. 1983-ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி வியாபாரி பில் கொடுத்தே ஆக வேண்டும். பி.டி. பருத்தி விதைக்கு மத்திய அரசு வருடா வருடம் உச்ச விலை நிர்ணயிக்கிறது (2024-25-க்குப் பாக்கெட் 864 ரூபாய் என்று வைத்தார்கள்), அதற்கு மேல் கேட்டால் புகார் கொடுக்கலாம். உங்கள் ஏஜென்ட் 1,500 கேட்கிறார், அதுவும் பில் இல்லாமல்!

புழு வந்தது கம்பெனியின் ஏமாற்று வேலையா

இதில்தான் உங்களுக்குக் கோபம் அதிகம், எனக்குப் புரிகிறது. ஆனால் பி.டி. என்றால் மருந்தே அடிக்க வேண்டாம் என்று யாரோ உங்கள் அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள், அது ஆரம்பத்திலிருந்தே தப்பு. மண்ணில் இருக்கும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைப் பருத்திக்குள் வைத்திருக்கிறார்கள். அதனால் செடியே தயாரிக்கும் புரதம் காய்ப்புழுக்களின் குடலைத்தான் தாக்கும். அசுவினி, தத்துப்பூச்சி, வெள்ளை ஈ மாதிரிச் சாறு உறிஞ்சுகிற பூச்சிகளை அது ஒன்றும் செய்யாது. சீனாவில் பி.டி. பருத்தி வந்து காய்ப்புழு மருந்து குறைந்ததும், அதுவரை பெரிதாகத் தலைகாட்டாத நாவாய்ப்பூச்சி வகை பெருகியதைப் பார்த்திருக்கிறார்கள்.

காய்ப்புழுவிலேயே இளஞ்சிவப்புப் புழு பி.டி.-க்குப் பழகிவிட்டது. முதல் தலைமுறை பி.டி.-யைத் தாங்கும் புழு குஜராத்தில் 2010 வாக்கிலேயே பிடிபட்டது. 2006-இல் வந்த இரண்டு மரபணு வகையையும் அடுத்த சில வருடங்களில் அது தாண்டிவிட்டது. பி.டி. கொல்லையைச் சுற்றிலும் பி.டி. இல்லாத பருத்தியை ஐந்து வரிசை போடுங்கள் என்று அந்தக் காலத்தில் பாக்கெட்டோடு சின்னப் பொட்டலம் ஒன்று வைத்துக் கொடுத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா என்று அப்பாவிடம் கேளுங்கள். அநேகமாக அதைப் பிரிக்காமலே தூக்கிப்போட்டிருப்பார், ஊரே அதைத்தான் செய்தது. அங்கே பிழைத்த சாதாப் புழுக்கள் இங்கே பழகிய புழுக்களோடு சேர்ந்தால் எதிர்ப்புச் சக்தி சீக்கிரம் பரவாது என்பதுதான் யோசனை. சீனாவின் யாங்சி சமவெளியில் இது தற்செயலாகவே நடந்தது: விலை குறைவு என்று விவசாயிகள் வீரிய ரகத்தின் இரண்டாம் தலைமுறை விதையைப் போட்டார்கள், அதில் நாலில் ஒரு செடி பி.டி. இல்லாமல் வந்தது, அங்கே இளஞ்சிவப்புப் புழு பழகுவது நின்று பின்வாங்கியது. சரி, நம் கதைக்கு வருவோம்.

வழக்குப் போடலாமா? போடும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. விவசாயியும் நுகர்வோர்தான், விதை பழுது என்றால் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று தேசிய விதைக் கழகத்துக்கு எதிரான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. முழு விதையையும் விதைத்துவிட்ட விவசாயியிடம் மாதிரி எங்கே என்று கேட்பது பொருந்தாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் உங்களிடம் இருப்பது பில் மட்டும். பயிர் நிற்கும்போது வேளாண்மை அலுவலரை அழைத்து ஆய்வு அறிக்கை வாங்கவில்லை, பாக்கெட்டையும் கொளுத்திவிட்டீர்கள். முளைப்பு சரியில்லை, ரகமே மாறிவிட்டது என்றால் அது விதைப் பழுது. புழு பழகிப்போனது விதைப் பழுது ஆகாது, கம்பெனி வக்கீல் முதல் நாளே அதைத்தான் எடுத்து வைப்பார். உங்கள் காசுக்கு நான் சொல்வது, இந்த வழக்கை விட்டுவிடுங்கள்.

இந்த வருடத்துக்கு மட்டும் இதைச் செய்துவையுங்கள். பில், காலிப் பாக்கெட், ஒரு பிடி விதை மூன்றையும் ஒரு கவரில் போட்டு வீட்டில் வையுங்கள். ஏதாவது கோளாறு தெரிந்தால் அன்றைக்கே வேளாண்மை உதவி இயக்குநருக்கும் விதை ஆய்வாளருக்கும் எழுத்தில் மனு கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்ன எதையும் எந்த ஆணையத்திலும் என்னால் நிறுவ முடியாது. (1966 விதைச் சட்டத்தில் முதல் தப்புக்கு அபராதமே 500 ரூபாய் வரைதான்! அதனால் தண்டனையை நம்பாதீர்கள், நஷ்ட ஈட்டுக்கான காகிதத்தைச் சேருங்கள்.)

புழு விஷயத்தில் நான் நிபுணன் இல்லை, விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். ஆனால் ஒன்று மட்டும் உங்கள் கடிதத்திலேயே கண்ணில் பட்டது: அறுவடை முடிந்த பருத்திமாரை (காய்ந்த செடிக் குச்சிகளை) அம்மா விறகுக்கு என்று வீட்டோரம் அடுக்கி வைத்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வெடிக்காத காய் ஒன்றை அதிலிருந்து எடுத்துப் பிளந்து பாருங்கள். இரண்டு கொட்டையை ஒட்டவைத்து நடுவில் ரோஸ் கலரில் புழு சுருண்டு கிடந்தால், அடுத்த வருடத்துப் பூச்சி உங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில்தான் இருக்கிறது. மாரை அகற்றுவதும், பட்டத்தை இழுக்காமல் காலத்தோடு முடிப்பதும், இனக்கவர்ச்சிப் பொறி வைத்து அந்துப்பூச்சியை எண்ணிப் பார்த்து அடிப்பதும் நாலு டேங்க் மருந்தை மிச்சம் பண்ணும்.

மருந்தடித்தவர் விழுந்த விஷயம்

"அவர் மாஸ்க் கேட்கவில்லை, கேட்டிருந்தால் வாங்கிக் கொடுத்திருப்போம், அதனால் தப்பு எங்கள் பக்கம் இல்லை." இப்படி எழுதியிருக்கிறீர்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை, நானும் அப்படிப் பார்க்கவில்லை. 1971 பூச்சிக்கொல்லி விதிகளில், தயாரிப்பவரில் தொடங்கித் தெளிப்பவர் வரைக்கும் மருந்தைக் கையாளும் ஆட்களுக்குப் பாதுகாப்பு உடை வேண்டும் என்று இருக்கிறது. சொந்த நிலத்தில் மருந்தைப் பயன்படுத்துகிற விவசாயிக்கு 1968 பூச்சிக்கொல்லிச் சட்டம் 38-ஆம் பிரிவில் விலக்குக் கொடுக்கிறது, அதனால் அந்தச் சட்டத்தில் உங்கள் மேல் வழக்கு வர வாய்ப்பில்லை. ஆனால் கூலி கொடுத்து ஒருவரை அழைத்து, ஆபத்தான வேலையைப் பாதுகாப்பில்லாமல் செய்யவைத்தால், கவனக்குறைவுக்கு நஷ்ட ஈடு கேட்டு அவர் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். அந்த வழி திறந்துதான் இருக்கிறது.

எப்படி அடித்தார் என்று நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும், நம் பக்கத்தில் எல்லோரும் அடிப்பது ஒரே மாதிரிதான். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதுகில் ஒழுகுகிற டேங்க்கோடு, தெளித்த செடிக்கு ஊடாகவே முன்னால் நடந்து போவது. ஈரச் செடி தொடை முழுக்க உரசிக்கொண்டே வரும். நாஸில் அடைத்துக்கொண்டால் கழற்றி வாயில் வைத்து ஊதுவது. நடுவில் அப்படியே ஒரு பீடி. 2017-இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தே 20 பேருக்கு மேல் செத்தார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அங்கேயும் ஆள் உயரச் செடி, புழுக்கம், ஒரே டேங்கில் பல மருந்து.

உங்கள் சித்தப்பா சொன்னபடி அவரிடம் பத்திரத்தில் 'எந்தப் பாத்தியதையும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிற வேலை மட்டும் வேண்டாம். நோயாளியிடம் எழுதி வாங்கிய காகிதம் கோர்ட்டில் உங்களுக்குத்தான் எதிராகத் திரும்பும். மருத்துவச் செலவையும் வேலைக்குப் போகமுடியாத நாட்களின் கூலியையும் கொடுங்கள், கொடுத்ததை ரசீதோடு குறித்து வையுங்கள். அவர் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உறுப்பினரா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் விசாரித்து, இல்லையென்றால் சேர்த்துவிடுங்கள். கண் மங்கல், கை நடுக்கம் இன்னும் இருந்தால் மறுபடி மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், இந்தத் தடவை மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துப்போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் எந்த முறிமருந்து என்று அவர்கள் சீக்கிரம் முடிவெடுக்க முடியும்; டப்பாவோடு வரும் துண்டுத்தாளில் அறிகுறியும் முறிமருந்தும் அச்சாகியிருக்கும். இனி யாருக்காவது இப்படி ஆனால் முதலில் துணியைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள், பால், மோர் ஊற்றிக்கொண்டு நேரத்தைப் போக்காதீர்கள்.

கடைக்காரரின் துண்டுச்சீட்டு பத்திரமாக இருக்கிறதா? அதுதான் இந்த விஷயத்தில் உங்களிடம் உள்ள நல்ல சாட்சி. மூன்று மருந்தின் லேபிளையும் எடுத்து, எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, ஏக்கருக்கு எவ்வளவு என்று பாருங்கள். கலந்து அடிக்கலாம் என்று லேபிளில் இல்லாததை அவர் எழுதிக்கொடுத்திருந்தால், சீட்டின் நகலோடு வேளாண்மை உதவி இயக்குநரிடம் புகார் கொடுங்கள். கடன் பாக்கி இருக்கிறது, அவரைப் பகைத்துக்கொள்ள முடியாது என்பீர்கள். அது நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. புகார் கொடுக்காவிட்டாலும் சீட்டைக் கிழிக்காதீர்கள்.

இதோடு இன்னொன்று. "மிச்சம் இருந்த மருந்தைக் கத்தரிக்கு அடித்துவிட்டோம்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சீட்டில் முதலில் இருப்பது மோனோகுரோட்டோபாஸ். டப்பாவில் சிவப்பு முக்கோணம் இருக்கும், அதிகபட்ச விஷம் என்று அர்த்தம். காய்கறிக்கு அதை அடிக்கக்கூடாது என்று 2005-லேயே தடை வந்துவிட்டது. 38-ஆம் பிரிவு உங்களைக் காப்பாற்றலாம், ஆனால் அந்தக் கத்தரிக்காயைச் சந்தைக்கும் அனுப்பியிருக்கிறீர்கள், வீட்டிலும் குழம்பு வைத்திருக்கிறீர்கள். இனி அந்த மருந்து கத்தரிப் பக்கமே போகவேண்டாம். காலி டப்பாவை உடைத்து, குடியிருப்பிலிருந்து தள்ளிப் புதைக்க வேண்டும். கழுவித் தண்ணீர் மொள்ள வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆடு விஷயம்: 2006-இல் வாரங்கல் பக்கம் பருத்திக்கொல்லையில் மேய்ந்த ஆடுகள் செத்ததாகப் புகார் கிளம்பியது, பி.டி.-தான் காரணம் என்பதை அரசின் குழு ஏற்கவில்லை. பி.டி. புரதம் வேலை செய்வது புழுவின் குடலில். மருந்தடித்த கொல்லையில் ஆட்டை விட்டால் செத்துத்தான் போகும், அதற்குப் பி.டி. தேவையில்லை.

அந்தக் கத்தரி விதை

பி.டி. கத்தரியை வங்கதேசத்தில் பயிரிடுகிறார்களே, நமக்கு மட்டும் ஏன் கிடையாது என்று அம்மா கேட்கிறாராம். நியாயமான கேள்வி. வங்கதேசம் 2013-இல் அனுமதி கொடுத்து, அடுத்த ஜனவரியில் 20 விவசாயிகளுக்கு நாற்றுக் கொடுத்துத் தொடங்கியது. பின்னால் நடந்த ஓர் ஆய்வில் மருந்துச் செலவு 47 சதவீதம் குறைந்தது தெரிந்தது. மருந்துக் கலவையில் ஒருவர் விழுந்ததைப் பார்த்த உங்கள் வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இத்தனைக்கும் அந்தக் கத்தரியை உருவாக்கும் வேலையில் நம் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் பங்கு உண்டு. இங்கே 2010 பிப்ரவரி 9-ஆம் தேதி, அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் காலவரையின்றி நிறுத்திவைத்தார். ஆராய்ச்சி போதவில்லை, மாநிலங்கள் ஒப்பவில்லை, நாட்டுக் கத்தரி ரகங்கள் கலந்துபோகும் என்று காரணம் சொன்னார்கள். பிலிப்பைன்ஸில் அனுமதி கொடுத்த பிறகும் 2024-இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இங்கே நிறுத்திவைத்த முடிவு சரியா தப்பா என்று ஆளுக்கொரு கருத்து இருக்கிறது. பதினைந்து வருடத்துக்கும் மேலாக ஒரு விஷயத்தை அந்தரத்தில் தொங்கவிடுவது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் இன்றைய தேதிக்கு அந்த விதை உங்கள் கொல்லையில் முளைக்கக்கூடாது.

கிணற்றடியில் இருப்பது கொஞ்சம் செடிதானே. நெல்லிக்குப்பம் தாண்டி பாலூரில் காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கத்தரி ரகம் வெளியிட்ட இடம். அங்கே ஒரு தடவை நேரில் போய், வாடிய குருத்து ஒன்றையும் சொத்தைக் காய் ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு போய்க் காட்டுங்கள். வாடித் தலைசாய்ந்த குருத்தை வாரம் இரண்டு முறை கிள்ளி, கொல்லையிலேயே போடாமல் வெளியே கொண்டுபோய் அழிக்கச் சொல்வார்கள், கூடவே காய்த்துளைப்பானுக்கு என்று தனி இனக்கவர்ச்சிப் பொறியும் வேப்பங்கொட்டைச் சாறும் சொல்வார்கள். குருத்துக் கிள்ளுகிற வேலையை அம்மாவிடம் விடுங்கள், உங்களைவிட அவர் கண்ணுக்குத்தான் வாடிய குருத்து முதலில் தெரியும்.